சமூக ஊடகங்களும் நமது வியாபாரமும்



ஜும்ஆத் தொழுகை முடிந்து டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "காக்கா, நம் கடைக்கு முகநூல் திறக்கலாமா, டிக்டாக் திறக்கலாமா? அல்லது எல்லாவற்றையும் திறந்துவிடலாமா?" என்பதே அக்கேள்வி. ஒருவர் இன்ஸ்டாகிராம் என்பார். இன்னொருவர் அதெல்லாம் பிள்ளைகள் விளையாட்டு என்பார். டீ ஆறிப்போகும், முடிவு மட்டும் ஏற்படாது.

நான் மதரசாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. மற்றவையெல்லாம் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் நின்று கற்றவை. ஆயினும், இந்த விஷயத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில், நான் அறிந்துகொண்டதைப் பாடமாக எழுதினால் மற்றவருக்குப் பிரயோசனப்படலாம் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

1. இடம் பார்த்துக் கடை வைத்தல்

கடை வைக்கப் போகிறவன் முதலில் என்ன செய்கிறான்? சரக்கு வாங்குவதற்கு முன்னே இடம் பார்க்கிறான். காலையில் எத்தனை பேர் அவ்வழியே போகிறார்கள், மாலையில் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இரண்டு நாள் நின்று எண்ணிப் பார்க்கிறான். அதன் பிறகே வாடகை பேசுகிறான்.

நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். அக்காலத்தில் தெலுக் ஆயர் தெருவின் ஓரத்திலேயே கடல் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர் கால் வைத்த இடம் அது. 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா அத்தெருவிலே எழுந்தது. அதற்குச் சற்று முன்னர், 1826-இல், சூலியா வியாபாரிகள் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலே தங்கள் பள்ளிவாசலை நிறுவினர். தொழுகையும் தொழிலும் அருகருகே இருந்தன. இரண்டும் ஜனங்கள் நடமாடும் இடத்திலேயே இருந்தன.

புதிய சாதனங்களைக் கண்டு நம்மவர் பயந்து ஒதுங்கியதும் இல்லை. அச்சு யந்திரம் புதுமையாக இருந்த காலத்தில், 1887-ஆம் ஆண்டிலேயே, சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் இச்சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். ஆகவே கைபேசியைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. ஆனால் கைபேசிக்குள்ளும் கடைத்தெருக்கள் பல உண்டு. எந்தத் தெருவில் நம் வாடிக்கைக்காரர் நடக்கிறார் என்று பார்க்காமல் பலகை மாட்டுவதுதான் தவறு. அந்தத் தவற்றைத்தான் நான் செய்தேன்.

2. நான் கொடுத்த விலை

என் கடை குவீன்ஸ்டவுனில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அரிசி, பருப்பு, அரைத்த மசாலை, பேரீச்சம்பழம், கைலி, தொப்பி ஆகியவை என் சரக்கு. பக்கத்திலுள்ள தங்ளின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் குடும்பங்களே என் வியாபாரத்தைத் தாங்கி நின்றவை.

2014-ஆம் ஆண்டில் அந்த வட்டாரத்தின் 31 பழைய புளோக்குகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. பின்வந்த ஆண்டுகளில் அங்கிருந்தோர் சிறிது சிறிதாக டாசன் பக்கத்துப் புது வீடுகளுக்கும் வேறு பேட்டைகளுக்கும் குடிபெயர்ந்தனர். புது வீடு கிடைத்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சி; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கடை வாசல் வெறிச்சோடியது. தூரம் என்று பார்த்தால் டாசன் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். எழுபது வயதுக் கால்களுக்கோ அது வெகுதூரம். மாதக் கணக்குப் போடும்போது வாடகைக்கும் சம்பளத்துக்கும் போக மிச்சம் ஒன்றுமில்லாத மாதங்கள் வந்தன. கடையை மூடிவிடலாமா என்று வீட்டில் பேச்சும் எழுந்தது.

அந்தச் சமயத்தில், 2022-இல், விளம்பர ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்தார். "பாய், இப்போது எல்லாரும் சமூக ஊடகத்தில்தான் இருக்கிறார்கள். மாதம் 500 வெள்ளி கொடுங்கள், ஐந்து ஊடகத்திலும் உங்கள் கடையைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன்" என்றார். ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டேன். 3,000 வெள்ளி போயிற்று. ஐந்து இடத்திலும் பலகை ஏறியது. அழகான படங்கள் வந்தன. 'விருப்பக்குறி' ஆயிரக்கணக்கில் விழுந்தது. விருப்பக்குறி இட்டவர் யார் என்று என் மகள் ஒருநாள் இரவு உட்கார்ந்து பார்த்தாள். "அத்தா, இவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரிலேயே இல்லையே!" என்றாள். கடல் கடந்து வந்து என்னிடம் அரைக் கிலோ மசாலை யார் வாங்கப் போகிறார்?

அதே வாரத்தில் ஒரு சம்பவம் நடந்தது. டாசனுக்குக் குடிபோன நன்னி ஒருவர், இருபது ஆண்டுக்கு மேலாக என்னிடம் சாமான் வாங்கியவர், என் சொந்தக் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேரப்பிள்ளை பழக்கிக்கொடுத்திருக்கிறது. "தம்பி, உன் மீன் மசாலை இல்லாமல் ஆணம் வாய்க்கு விளங்கவில்லை. அரைக் கிலோ யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து தெருவில் நான் கூவிக்கொண்டிருந்தேன். என் வாடிக்கைக்காரரோ ஆறாவது தெருவில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றிரவே பற்று வரவு நோட்டை எடுத்தேன். அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, "வாரம் ஒருமுறை சரக்கு விவரம் அனுப்பலாமா?" என்று அனுமதி கேட்டேன். சரி என்றவரை மட்டும் பட்டியலில் சேர்த்தேன். வியாழன் மாலையில் டாசனுக்கு ஒரு நடை சாமான் கொண்டுபோனேன். கடை மூடும் பேச்சு அத்தோடு நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

3. ஊர் அறிந்த ஓர் உதாரணம்

என் கதை சிறியது. ஊரறிந்த கதை ஒன்று உண்டு. நோய்த்தொற்றை முன்னிட்டு 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரில் கடும் கட்டுப்பாடு இருந்தது. உணவங்காடிகளில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவே. அங்காடிக்காரர் பலர் திகைத்து நின்றனர். அப்போது சைனாடவுனில் வாத்துக்கறி விற்கும் மெல்வின் சியூ என்பவர் முகநூலிலே 'ஹாக்கர்ஸ் யுனைடெட் டாபாவ் 2020' என்று ஒரு குழுவைத் தொடங்கினார். அங்காடிக்காரர் எவரும் தம் உணவின் படத்தையும் கடை எண்ணையும் தொலைபேசியையும் அதில் போடலாம், கட்டணம் இல்லை. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மூன்று விஷயங்கள். முதலாவது, அவர் புதிய ஊடகம் எதையும் தேடிப் போகவில்லை. ஜனங்கள் ஏற்கெனவே கூடியிருந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார். இரண்டாவது, தனிக் கடைக்குப் பக்கம் திறந்திருந்தால் அவருடைய வாடிக்கைக்காரர் மட்டுமே பார்த்திருப்பர். குழுவாக அமைத்ததால், 'இன்று என்ன சாப்பிடலாம்' என்று தேடியவரெல்லாம் ஒரே சந்தையில் கூடினர். மூன்றாவது, தனக்கு மட்டும் என்று எண்ணாமல் தொழில் செய்வோர் அனைவருக்கும் வழி திறந்தார். நம் சங்கங்களுக்கும் இதில் படிப்பினை உண்டு.

4. தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: வாங்குகிறவர் யார்? வயது என்ன, எந்தப் பேட்டை, என்ன மொழி, ஏற்கெனவே எதைப் பார்க்கிறார்? இதை அறிய ஆராய்ச்சி வேண்டாம். கடைக்கு வருகிறவர் முப்பது பேரிடம், "தினமும் கைபேசியில் எதைத் திறந்து பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாலே போதும்.

இரண்டாம் கேள்வி: என் சரக்கு எப்படி வாங்கப்படுகிறது? சில சரக்குகளைக் கண்ணால் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறோம். துணி, நகை, இனிப்பு போன்றவை. சிலவற்றை அவசரத்துக்குத் தேடி வாங்குகிறோம். நாணயமாற்று, சாவி செய்தல், பசி வேளையில் உணவு. இன்னும் சிலவற்றைப் பழக்கத்தினால் திரும்பத் திரும்ப வாங்குகிறோம். அரிசி, மசாலை, சவர்க்காரம். ஆசைக்குப் படம் வேண்டும். அவசரத்துக்கு வழிகாட்டி வேண்டும். பழக்கத்துக்கு நினைவூட்டல் வேண்டும். மூன்றுக்கும் ஊடகம் வெவ்வேறு.

மூன்றாம் கேள்வி: இதை யார் நடத்துவது? திறப்பது ஐந்து நிமிஷ வேலை. நடத்துவது தினசரி வேலை. கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் பதில் சொல்லாத பக்கம், கல்லாவில் ஆளில்லாத கடைக்குச் சமானம். ஆள் ஒருவர்தான் உண்டென்றால் ஊடகமும் ஒன்றே போதும்.

நான்காம் கேள்வி: பலன் உண்டா என்று எப்படி அறிவது? இதற்கு விடை பின்னால் வருகிறது.

5. கடைத்தெருக்கள் ஒவ்வொன்றாக

வாட்ஸ்அப்: இது அறிந்தவரோடு பேசும் இடம். வியாபாரிகளுக்கென்று தனி வாட்ஸ்அப் 2018-இல் வந்தது, இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கடை நேரம், முகவரி, சரக்குப் பட்டியல், விலை ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம். சொந்த எண்ணையும் கடை எண்ணையும் பிரித்து வைத்தல் நலம். பலருக்கு ஒரே சமயத்தில் செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும். ஆகவே வாடிக்கைக்காரரிடம் முதலில் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவரும் குரலால் பேசலாம் என்பது இதன் பெரிய நன்மை. குறை யாதெனில், புதிய ஆளை இது கொண்டுவராது.

கூகுள் வரைபடம்: இதைச் சமூக ஊடகம் என்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் தேடி வருகிறவருக்கு இதுவே கடைப் பலகை. பதிவு செய்யப் பணம் இல்லை. கடை நம்முடையதுதான் என்று நிரூபித்தபின் நேரம், படம், தொலைபேசி ஆகியவற்றை நாமே திருத்தலாம். நம்மவர் ஒரு விஷயத்தில் கவனக்குறைவாக இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்காக அடைக்கிறோம். ரமலானில் நேரம் மாற்றுகிறோம். பெருநாளில் விடுமுறை விடுகிறோம். வரைபடத்திலோ 'திறந்திருக்கிறது' என்றே இருக்கிறது. வந்து ஏமாந்தவர் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். தவறு யாருடையது? எந்தத் தொழிலாயினும், வேறு எதைத் திறக்காவிட்டாலும், இதைச் சரியாக வைத்திருப்பது அவசியம்.

முகநூல்: 2004-இல் தோன்றியது, குடும்பஸ்தர்கள் அதிகம் புழங்கும் இடம். கடைக்கென்று பக்கம் திறந்தால் மட்டும் போதாது. நாம் போடுவது, பணம் கட்டினாலொழிய, பின்தொடர்கிறவருள் சிலருக்கே காட்டப்படும். இங்கே பலன் தருவது பேட்டைக் குழுக்களும் சமையல் குழுக்களுமே. விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதாயின் எந்த வட்டாரம், எந்த வயது என்று குறித்துக் கட்டலாம். நான் ஏமாந்ததற்கு அந்த எல்லையைக் கேட்காததும் ஒரு காரணம்.

இன்ஸ்டாகிராம்: 2010-இல் வந்தது, 2012 முதல் முகநூல் நிறுவனத்துக்குச் சொந்தம். படமே இங்கு பேசும். துணி, தையல், மணப்பெண் அலங்காரம், கேக், பிரியாணி முதலியவற்றுக்குப் பொருத்தமானது. பருப்பு மூட்டையை எப்படிப் படம் பிடித்தாலும் அது பருப்பு மூட்டைதான்.

டிக்டாக், யூடியூப்: இவை அசையும் படத்துக்கானவை. டிக்டாக்கில் நம்மை அறியாதவருக்கும் நம் படம் காட்டப்படும். அது அதன் பலம். பார்த்தவர் ஜொகூரிலோ ஜகார்த்தாவிலோ இருக்கலாம். அது அதன் பலவீனம். பரோட்டா வீசுவது, முர்தபா மடிப்பது போன்ற கைத்திறன் உள்ள தொழிலுக்கு இது நன்கு உதவும். யூடியூபில் போட்டது நெடுநாள் நிற்கும். 'கைலி தேர்ந்தெடுப்பது எப்படி' என்பது போன்ற விளக்கங்களுக்கு அது ஏற்றது.

கேரோசல்: இந்தச் சிங்கப்பூரிலேயே 2012-இல் பிறந்தது. விலை பேசி வாங்கும் பழக்கமுடையோர் கூடும் இடம். தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்குப் பயன்படும்.

6. எந்தத் தொழிலுக்கு எது?

மளிகை, மசாலை: முதலில் வாட்ஸ்அப், அடுத்தது வரைபடம்.

உணவுக்கடை: முதலில் வரைபடம், அடுத்தது இன்ஸ்டாகிராம் அல்லது டிக்டாக், இரண்டில் ஒன்று.

துணி, தையல், அலங்காரம்: முதலில் இன்ஸ்டாகிராம், ஆர்டர் பேச வாட்ஸ்அப்.

நாணயமாற்று: வரைபடம் ஒன்றே போதும், நேரமும் தொலைபேசியும் சரியாக இருக்க வேண்டும்.

உம்ரா, பிரயாண ஏற்பாடு: முகநூல், ஏனெனில் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயம் அது.

மொத்த வியாபாரம்: வாட்ஸ்அப்பும், நேரில் போய்ப் பார்ப்பதும்.

இது மார்க்கச் சட்டமன்று. உங்கள் முப்பது வாடிக்கைக்காரர் வேறு விதமாகச் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி.

7. எச்சரிக்கைகள்

அ. ஊடகம் நமக்குச் சொந்தமன்று; வாடகை இடம். ஆர்க்குட் என்று ஒன்று இருந்தது, 2014-இல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. 2020 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் டிக்டாக்கைத் தடை செய்தது. அதை மட்டும் நம்பியிருந்தவர் ஒரே இரவில் தெருவுக்கு வந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயின. ஆகவே வாடிக்கைக்காரர் பெயரும் எண்ணும் உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும்.

ஆ. அனுமதியின்றி அனுப்பக் கூடாது. சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. 2014 ஜனவரி 2 முதல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு நடப்பில் உள்ளது. அதில் தம் எண்ணைப் பதிந்தவருக்கு, அவர் சம்மதமின்றி விளம்பரச் செய்தி அனுப்புவது சட்டத்துக்கு மாறானது. பள்ளிவாசல் குழுவிலும் கல்யாணக் குழுவிலும் உள்ள எண்களை எடுத்துக் கடைச் செய்தி அனுப்புவது அழகும் அன்று. வேண்டாம் என்று சொன்னவர் பெயரை உடனே நீக்கிவிடுங்கள்.

இ. படத்தில் உள்ளது பையிலும் இருக்க வேண்டும். தானியக் குவியலின் மேலே உலர்ந்ததும் அடியிலே நனைந்ததும் வைத்து விற்றவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நாம் மதரசாவில் படித்ததுதான். அக்காலத்தில் கையை உள்ளே விட்டுப் பார்க்க முடிந்தது. கைபேசியில் வாங்குகிறவர் கையை விட்டுப் பார்க்க முடியாது. அவர் படத்தையும் நம் சொல்லையும் நம்பியே பணம் அனுப்புகிறார். ஆதலால் நம் பொறுப்பு முன்னிலும் அதிகம்.

ஈ. திருட்டு. வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும், தெரிந்தவர் பெயரில் கேட்டாலும், சொல்லக் கூடாது. அதைச் சொன்னால் நம் கணக்கே கை மாறிவிடும். நம் பெயரால் வாடிக்கைக்காரரிடம் பணம் கேட்பார்கள். இரட்டைப் பூட்டு வசதி உண்டு. அதைப் போட்டு வையுங்கள்.

8. கணக்குப் பார்த்தல்

விருப்பக்குறியைக் கொண்டுபோய் வங்கியில் கட்ட முடியாது. பலனை அளக்க நான் கையாண்ட முறை இது. கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. புதிதாக வருகிறவரிடம், "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்பது, அவர் சொன்ன பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவது. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டருக்கும் ஒரு கோடு. மூன்று மாதம் கழித்து எண்ணினேன். வாட்ஸ்அப் வரிசை பக்கத்தை நிரப்பியிருந்தது. வரைபடம் அதற்கு அடுத்தபடி. இன்ஸ்டாகிராமுக்கு மூன்றே கோடு. அதிலும் ஒருவர் என் மைத்துனர். மறுநாளே அதை மூடிவிட்டேன். மூடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஓடாத சரக்கை அடுக்கில் வைத்துக்கொண்டு இடத்தை அடைப்பவன் வியாபாரியல்லன்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மூன்று மாதம் ஒழுங்காக நடத்துங்கள், கோடுகளை எண்ணுங்கள், பிறகு இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள். கைபேசிப் பழக்கம் இல்லாதவர் பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எனக்கு ஆசான் என் மகள்தான்.

நிற்க. சென்ற மாதம் அந்த நன்னி மீண்டும் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். தம் புளோக்கில் மூன்று வீட்டாருக்கு என் எண்ணைக் கொடுத்திருப்பதாகவும், மசாலையில் உப்பைக் கொஞ்சம் குறைக்கும்படியும் சொல்லியிருந்தார். உப்பைக் குறைத்துவிட்டேன்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வாடிக்கைக்காரரில் முப்பது பேர் தினமும் எதைத் திறந்து பார்க்கிறார்கள்?

2. உங்கள் சரக்கு ஆசைக்கு வாங்குவதா, அவசரத்துக்கா, பழக்கத்துக்கா?

3. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையின் வெள்ளிக்கிழமை நேரம் சரியாக இருக்கிறதா? இன்றே திறந்து பாருங்கள்.

4. நாளைக்கே ஊடகங்கள் எல்லாம் நின்றுபோனால், உங்கள் வாடிக்கைக்காரரில் எத்தனை பேரை உங்களால் அழைக்க முடியும்?

இவற்றுக்கு விடை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூடிப் பேசுவோம்.